பாதங்களைப் பேணிய ஆலயம்

ஒரு நாட்டையே உலுக்கும் பேரழிவு நேரும்போது திருச்சபை செய்யத்தக்கது யாது? இக்கேள்விக்கு நியூயார்க் நகரின் தூய பவுல் சிற்றாலயம் சொல்லால் அன்றிச் செயலால் விடையளித்தது. போதக ஊழியத்திற்கு ஆயத்தமாவோர் அவ்வரலாற்றை அறிந்திருத்தல் நலம்.

2001ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள் அமெரிக்காவில் நான்கு விமானங்கள் கடத்தப்பட்டு நிகழ்ந்த தாக்குதலில், கடத்தியவர் நீங்கலாக 2,977 பேர் மாண்டனர். உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்களிலிருந்து மக்கள் வெளியேறிக்கொண்டிருந்த வேளையில் தீயணைப்புத் துறையினர் உள்ளே சென்றனர். அவர்களுள் 343 பேர் திரும்பவில்லை. அத்துறையின் ஆன்ம குருவாகிய பிரான்சிஸ்கன் துறவி மைக்கல் ஜட்ஜ் அவர்களும் அந்த 343 பேருள் ஒருவர். தெற்குக் கோபுரம் சரிந்தபோது வடக்குக் கோபுரத்தின் முகப்புக் கூடத்தில் அவர் உயிர்நீத்தார். அன்று இறந்தோர் பதிவில் முதல் எண் அவருடையதே. மந்தை சென்ற இடத்திற்கு மேய்ப்பரும் சென்றிருந்தார்.

அக்கோபுரங்களுக்கு எதிரே, தெருவின் மறுபக்கத்தில், 1766இல் கட்டப்பட்ட தூய பவுல் சிற்றாலயம் நிற்கிறது. ஆங்கிலிக்கன் மரபைச் சார்ந்த இவ்வாலயம் அன்று பெருஞ்சேதமின்றித் தப்பியது. இதனை அற்புதம் என்று பலரும் வியந்தனர். ஆயினும் சபையார் அவ்வியப்போடு நின்றுவிடவில்லை. இடிபாடுகளில் உழைத்தோருக்காகக் கதவுகளைத் திறந்தனர். ஏறக்குறைய எட்டு மாதங்கள் அங்கு இரவும் பகலும் உணவு பரிமாறப்பட்டது. களைத்தோர் ஆலய இருக்கைகளிலேயே உறங்கினர். அவர்களுடைய கனத்த காலணிகளும் கருவிகளும் இருக்கைகளில் வடுக்களைப் பதித்தன.

அவ்வாலயத்தில் சிறப்புமிக்க இருக்கை ஒன்று உண்டு. 1789இல் முதல் குடியரசுத் தலைவராகப் பதவியேற்ற ஜார்ஜ் வாஷிங்டன் அங்கு வழிபட்டார். அவருக்குரிய இருக்கைப்பகுதி நெடுங்காலம் பேணிக் காக்கப்பட்டது. மீட்புப்பணி நாட்களில் அவ்விடமே பாத மருத்துவர்களின் சிகிச்சைக் கூடமாயிற்று. காலணிகள் உருகும் வெம்மையில் நடந்து புண்ணான பாதங்கள் அங்கு ஆற்றப்பட்டன. நாட்டின் தலைவர் அமர்ந்த இடத்தில் தொழிலாளியின் பாதம் வைக்கப்பட்டது. இராப்போசன வேளையில் ஆண்டவர் துண்டைக் கட்டிக்கொண்டு குனிந்ததன் பொருளை இதனினும் தெளிவாக விளக்கும் அருளுரை அரிது.

2002ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் மீட்புப்பணி முறைப்படி நிறைவுற்றது. பணியாளரின் துன்பமோ நிறைவுறவில்லை. அங்குச் சுவாசித்த நச்சுத்தூசியால் நுரையீரல் நோய்க்கும் புற்றுநோய்க்கும் பலர் ஆளாயினர். அவர்களது மருத்துவத்திற்கென 2011 சனவரியில்தான் தனிச்சட்டம் நடைமுறைக்கு வந்தது. தாக்குதல் நாளுக்குப் பின்னர் இந்நோய்களால் மாண்ட தீயணைப்புத் துறையினரின் எண்ணிக்கையும் 2023 செப்டம்பரில் 343ஐ எட்டியது. அதன்பின் அதையும் கடந்தது.

இங்கேதான் நமது நினைவுகூருதல் சோதிக்கப்படுகிறது. இறந்தோரின் பெயர்களை ஆண்டுதோறும் வாசிப்பது தகுந்ததே. கல்லில் பொறிப்பதும் தகுந்ததே. ஆனால் அவர்களோடு தோள்கொடுத்து உழைத்து, பின்னர் இருமலோடு வீட்டில் கிடப்பவரை மறந்துவிட்டு ஏற்றும் மெழுகுவர்த்தி யாருக்கு ஒளி தரும்? மாண்ட வீரருக்கு மாலையிடுவது எளிது. உயிரோடிருக்கும் பணியாளரின் புண்ணைக் கழுவுவது கடினம். திருச்சபை அழைக்கப்பட்டிருப்பது இவ்விரண்டிற்குமே. நினைவு ஆராதனையை ஒழுங்குசெய்யும் போதகர் பெயர்ப்பட்டியலைக் கையில் எடுக்குமுன், தம் சபையில் அத்தகையோர் எவர் எனத் தேடிச் சென்று காண்பாராக.