வண்டி எண்ணில் ஒளிந்திருக்கும் வரைபடம்

சிவகிரி வழியாகச் செல்லும் மதுரை - கொல்லம் நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் நின்றால் போதும், தென் தமிழகத்தின் புவியியல் பாடம் முழுவதும் கண்முன் ஓடும். டி.என். 67 என்றால் விருதுநகர். 72 என்றால் திருநெல்வேலி. 76 தென்காசி, 79 சங்கரன்கோவில். கே.எல். என்று தொடங்கினால் அது செங்கோட்டை தாண்டி வந்த கேரள வண்டி.

இந்த முறை அப்படியொன்றும் பழையதல்ல. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ல் இயற்றப்பட்டு, 1989 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்தது. மாநிலத்துக்கு இரண்டு எழுத்து, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு இரண்டு இலக்கம் என்ற ஒழுங்கு அப்போதுதான் பிறந்தது. அதற்கு முன் மூன்று எழுத்தும் நான்கு இலக்கமும்தான். சென்னை மாநிலம் 1969 ஜனவரி 14-ல் தமிழ்நாடு ஆனது. ஆனாலும் மெட்ராஸைக் குறித்த 'எம்' என்ற எழுத்தோடு பல வண்டிகள் அதன் பிறகும் வெகுகாலம் ஓடிக்கொண்டிருந்தன. மாநிலத்தின் பெயர் மாறிவிட்டது, பலகை மாறவில்லை!

சிவகிரிப் பகுதியிலும் இதே கதைதான். ஜமீன் ஊரான சிவகிரி நெடுங்காலம் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 2019 நவம்பர் 22-ல் தென்காசி தனி மாவட்டமானபோது சிவகிரி வட்டமும் அதில் சேர்ந்தது. ரேஷன் கார்டு, பட்டா, சான்றிதழ் எல்லாவற்றிலும் மாவட்டத்தின் பெயர் மாற வேண்டியதாயிற்று. ஆனால் வண்டி எண்கள் மாறவில்லை. காரணம் எளிது. அந்த இலக்கம் மாவட்டத்தைக் குறிப்பதல்ல, பதிவு செய்த அலுவலகத்தைக் குறிப்பது. 76-ம் 79-ம் தென்காசி மாவட்டம் பிறக்கும் முன்பே இருந்தவை.

மாநிலமே பிரிந்தால் நிலைமை வேறு. 2014-ல் உருவான தெலங்கானாவில் புதிய வண்டிகளுக்கு ஏ.பி. போய் டி.எஸ். வந்தது. 2024-ல் அதுவும் டி.ஜி. ஆனது. அங்கே இரண்டு எழுத்துக்குள் ஒரு மாநிலத்தின் அடையாளமே அடங்கியிருந்தது.

கடல் கடந்தும் இதைக் காணலாம். 1860 முதல் கரும்புத் தோட்ட வேலைக்காகத் தமிழர்கள் கப்பலேறிச் சென்ற இடம் தென்னாப்பிரிக்காவின் டர்பன். அந்நகர வண்டிகளின் எண் நெடுங்காலம் என்.டி. என்றே தொடங்கியது. 'என்' நேட்டாலைக் குறிக்கும், 'டி' டர்பனைக் குறிக்கும். 1994-ல் நேட்டால் மாகாணம் குவாசுலு-நேட்டால் ஆன பிறகும் அந்த எழுத்துகள் போய்விடவில்லை. நைஜீரியாவிலோ பலகையின் மேல் மாநிலத்தின் பெயரே இருக்கும். முதல் மூன்று எழுத்துகள் உள்ளாட்சிப் பகுதியைச் சொல்லும்.

மாவட்ட எல்லைகள் அரசாணையால் ஒரே நாளில் மாறிவிடும். மக்கள் போய்வரும் பாதை அப்படி மாறுவதில்லை. சிவகிரிக்காரருக்குத் திருநெல்வேலியைவிடச் சங்கரன்கோவில் பக்கம். கோமதியம்மன் கோயிலின் ஆடித்தபசுக்கும் சந்தைக்கும் காலங்காலமாகப் போய்வந்த ஊர் அது. மாவட்டத் தலைநகர் நெல்லையாக இருந்தாலும் தென்காசியாக இருந்தாலும் அந்தப் போக்குவரத்து நிற்கவில்லை. 79 என்ற எண் தாங்கிய வண்டிகள் அந்தப் பழைய உறவைத்தான் இன்றும் சாலையெங்கும் சொல்லிக்கொண்டு போகின்றன.