கோட்டையிலிருந்து பூலாம்பாடிக்கு

சென்னை புனித ஜார்ஜ் கோட்டையைப் பார்க்க மாணவிகளை அழைத்துப் போயிருந்தேன். 1640இல் கிழக்கிந்தியக் கம்பெனி கட்டத் தொடங்கிய கோட்டை. இன்று சட்டப்பேரவையும் தலைமைச் செயலகமும் அங்கேதான். அதன் வரலாற்றை ஆளுநர்கள், முதலமைச்சர்கள் பெயரால் சொல்வதே வழக்கம். நிலத்தை வைத்துச் சொன்னால் அதில் பெண்கள் தென்படுவார்கள்.

1921இல் சென்னை மாகாண சட்டசபை பெண்களுக்கு வாக்குரிமை தந்தது. இந்திய மாகாணங்களில் அதுவே முதல். ஆனால் அன்று வாக்கு என்பது சொத்தையும் வரியையும் பொறுத்தது. தன் பெயரில் எதுவும் இல்லாத பெண், உரிமை வந்த பிறகும் வாசலுக்கு வெளியேதான் நின்றாள்.

1926இல் நியமன உறுப்பினராக வந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, மறு ஆண்டு சபையின் துணைத் தலைவரானார். தேவதாசி முறையை எதிர்த்தவர் என்று அவரைப் படிக்கிறோம். அவர் முயற்சியால் 1929இல் வந்த சட்டத் திருத்தம் நிலத்தைப் பற்றியது என்பதைப் படிப்பதில்லை. கோயில் பணிக்காக மானிய நிலம் பெற்றிருந்த தேவதாசிகள், இனி அந்தப் பணி செய்யாமலே நிலத்தை வைத்துக்கொள்ளலாம் என்றது அது. பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் 1947இல்தான் வந்தது. சோற்றுக்கு வழி முதலில், தடை பிறகு.

1989இல் தமிழ்நாட்டுச் சட்டம் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கைத் தந்தது. அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன்பே மணமான பெண்களை அது விலக்கியது. அந்த விலக்கு நீங்க 2005இன் மத்தியச் சட்டத் திருத்தம் வரவேண்டியிருந்தது.

எங்கள் ஊர் பூலாம்பாடி. மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் பெரம்பலூர் மாவட்டத்து மண். அங்கே சட்டத்தைவிட விடுதலைப் பத்திரம் பழக்கமானது. அண்ணன் தம்பிக்குப் பங்கை விட்டுக்கொடுத்துப் பெண்கள் பதிவு அலுவலகத்தில் போடும் கையெழுத்து அது. அம்மா போட்டார். “போக வர ஒரு வாசல் வேணுமே, பாப்பா” என்றார். தீபாவளிச் சீரும் காதுகுத்துக்குத் தாய்மாமன் மடியும் அந்த வாசல் வழியாகத்தான் வரும்.

முனைவர் பட்டம் வாங்கிய பிறகு நானும் போட்டேன். யாரும் மிரட்டவில்லை. பேனாவை நீட்டினார்கள், வாங்கிக்கொண்டேன்.

கோட்டை வாசலில் இதை மாணவிகளிடம் சொன்னேன். ஒருத்தி கேட்டாள்: “அந்த நிலம் எவ்வளவு இருக்கும், மேடம்?”

எனக்குத் தெரியவில்லை. எவ்வளவு என்று நான் கேட்டதே இல்லை.