ஜோர்டானா, லெப்ரானா? இந்தப் பேச்சில் பில் ரஸ்ஸல் ஏன் வருவதில்லை?

என்பிஏ கூடைப்பந்தில் 'ஆல் டைம் பெஸ்ட்' யார் என்று கேட்டால், பேச்சு பெரும்பாலும் இரண்டு பெயர்களிலேயே நின்றுவிடும். மைக்கேல் ஜோர்டான் ஆடிய இறுதித் தொடர்கள் 6, கோப்பைகளும் 6. லெப்ரான் ஜேம்ஸுக்கு கோப்பைகள் 4தான். ஆனால் 2023 பிப்ரவரியில் கரீம் அப்துல் ஜப்பாரின் 38,387 புள்ளிகளைத் தாண்டியவர் அவர்.

சரி, கோப்பைதான் கணக்கு என்றால் பில் ரஸ்ஸலை என்ன செய்வது? பாஸ்டன் செல்டிக்ஸுக்காக 13 சீசன்களில் 11 முறை சாம்பியன். அவர் வந்தபோது லீக்கில் 8 அணிகள்தானே, இப்போது 30 ஆச்சே என்பார்கள். நியாயமான வாதம்தான்.

ஆனால் பெரிய சிக்கல் வேறு. ரஸ்ஸலின் பலமே டிஃபென்ஸ். கூடைக்குப் போகும் பந்தைத் தட்டிவிடும் 'பிளாக்'கை என்பிஏ எண்ண ஆரம்பித்ததே 1973-74 சீசனில். அவர் 1969லேயே ஓய்வு பெற்றுவிட்டார். அதாவது, அவர் எதில் கில்லாடியோ அதற்கு டேட்டாவே கிடையாது.

இறுதித் தொடரின் சிறந்த வீரர் விருதும் 1969இல்தான் தொடங்கியது. கோப்பை ரஸ்ஸல் அணிக்கு. விருதோ தோற்ற அணியின் ஜெர்ரி வெஸ்ட்டுக்கு. 2009 முதல் அந்த விருதுக்கு ரஸ்ஸல் பெயர்தான். அவரோ அதை ஒருமுறைகூட வென்றதில்லை.

1961-62 சீசனில் வில்ட் சேம்பர்லைன் ஒரு ஆட்டத்துக்குச் சராசரியாக 50.4 புள்ளிகள் குவித்தார். இன்றுவரை யாரும் நெருங்காத எண். அப்போதெல்லாம் எம்விபி விருதுக்கு வாக்களித்தது சக வீரர்கள். அவர்கள் தேர்ந்தெடுத்தது ரஸ்ஸலை.