மண்பானையில் டெவலப்பர்

"தண்ணி என்ன சூடு இருக்கு பாப்பா?"

இருட்டறைக் கதவைச் சாத்தும் முன்பு தாத்தா தவறாமல் கேட்கும் கேள்வி இது. குழாய்த் தண்ணீரில் தெர்மாமீட்டரை முக்கிப் பார்த்து, "முப்பத்திரண்டு" என்பேன். சித்திரை மாதத் தஞ்சாவூரில் மாடித் தொட்டித் தண்ணீர் வேறெப்படி இருக்கும்? மேசைக்கு அடியிலிருந்து ஒரு மண்பானையை இழுப்பார். அடியில் ஆற்று மணல், மேலே தண்ணீர். அதற்குள் கழுத்துவரை முங்கிக் கிடக்கும், பிலிம் கழுவும் மருந்தான டெவலப்பர் பாட்டில். எங்கள் வீட்டில் பாட்டி மோர் வைக்கிற அதே ஏற்பாடு. "பானை இருபத்தாறுக்கு இறக்கிடும். மிச்சத்தப் பொட்டிக்கடை ஐஸ் பாத்துக்கும்."

அவர் எனக்கு உறவு கிடையாது. மேல வீதிக்குப் பக்கத்துச் சந்தில் நாற்பது வருடம் ஸ்டூடியோ வைத்திருந்தவர். என் அம்மாவைப் பெண் பார்க்க வருவதற்கு முன் அப்பா வீட்டுக்கு அனுப்பிய போட்டோ அவர் எடுத்ததுதான். கல்லூரியில் காட்சித் தொடர்பியல் படிக்கிறேன். பிலிமைப் பற்றி ஒரு பாடம் இருக்கிறது, இருட்டறை இல்லை. கோடை விடுமுறையில் அம்மா என்னை அவரிடம் கொண்டுபோய் விட்டாள், பாட்டு வகுப்பில் சேர்ப்பதுபோல.

புத்தகங்கள் 20 டிகிரி என்கின்றன. கோடாக் நிறுவனம் 1920களில் உருவாக்கி, இன்றுவரை புழங்குகிற டி-76 டெவலப்பருக்கும் கணக்கு அங்கிருந்துதான் தொடங்கும். குளிர்நாட்டில் ஜன்னலைத் திறந்தால் கிடைத்துவிடுகிற அந்த 20 டிகிரியை நம் ஊரில் தேடிப் பிடிக்க வேண்டும். 24 டிகிரியில் கழுவினால் எட்டு நிமிட பிலிம் ஐந்தரை நிமிடத்தில் முடிந்துவிடும். அதை மறந்தால் நெகட்டிவ் கரிக்கட்டையாகும். சூடு ஏறினால் இன்னொரு வம்பும் உண்டு. பிலிமில் வெள்ளி உப்புகளைப் பிடித்து வைத்திருப்பது ஜெலட்டின். எலும்பையும் தோலையும் வேகவைத்து எடுக்கிற பண்டம் அது; வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறி உப்பும்.

என் முதல் ரோல் அதற்குத்தான் பலியானது. டெவலப்பரை இம்மி பிசகாமல் 20க்குக் கொண்டுவந்தேன். படத்தை நிலைக்கவைக்கும் ஹைப்போவும் ஆயிற்று. அந்தப் பூரிப்பில் பிலிமை நேரே குழாயடிக்குக் கொண்டுபோய் அலசினேன். பிறகு சொட்டுகிற தண்ணீரை வழித்துவிட இரண்டு விரல்களுக்கு நடுவில் வைத்து இழுத்தேன். இளகிப் போயிருந்த ஜெலட்டின் என் விரலோடு வந்தது. முப்பத்தாறு படத்திலும் தண்டவாளம்போல நீளக் கோடு. தாத்தா திட்டவில்லை. பிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "வெள்ளக்காரனயே இந்த ஊரு வெயிலு தண்ணி காட்டியிருக்கு. நீ எம்மாத்திரம்" என்றார்.

அந்த வெள்ளைக்காரரைத் தேடிப் படித்தேன். லினியஸ் டிரைப், கிழக்கிந்தியக் கும்பினிப் படையின் அதிகாரி. 1856-இல் சென்னை மாகாண அரசு அவரைத் தன் புகைப்படக்காரராக நியமித்தது. மறு ஆண்டு டிசம்பரில் கிளம்பி ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று 1858 வரை சுற்றினார். அப்போது பிலிம் என்ற பொருளே பிறக்கவில்லை. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி எடுப்பது புதுமுறை. அதில் மருந்து காய்வதற்குள் எடுத்துக் கழுவியும் விட வேண்டும். நம் ஊர் வெயிலில் கூடாரத்துக்குள் நின்று அதைச் செய்வது பெரும்பாடு. டிரைப் கண்ணாடியையும் கையாண்டார் என்றாலும், பல இடங்களில் நம்பியது மெழுகு பூசிய காகித நெகட்டிவை. முன்கூட்டியே தயாரித்து, காய்ந்த தாளாகவே மாட்டுவண்டியில் ஏற்றிக்கொள்ளலாம்.

தஞ்சைப் பெரிய கோயிலில் அவர் செய்தது இன்றைக்கும் வியப்பு. விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டு வரிகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி ஒரே நீளப் படமாக்கினார். ஏறக்குறைய 19 அடி. இக்கல்வெட்டுகளைப் படித்து கல்வெட்டறிஞர் ஹுல்ஷ் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையில் அச்சிடத் தொடங்கியது 1890களில். அதற்கு முப்பது ஆண்டுகள் முன்பே, கோயிலைக் கட்டிய ராஜராஜனின் கொடைகளைச் சொல்லும் எழுத்து காகிதத்தில் ஏறிவிட்டது. இவ்வளவு செய்தும், 1859-இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன் இந்தப் படப்பிடிப்பை ஆடம்பரச் செலவு என்று நிறுத்தினார்.

டிரைப் கடையைக் கட்டினாலும் தொழில் இங்கே தங்கிவிட்டது. அவருக்கு உதவியாளராக இருந்து பழகிய ஐயாசாமி என்பவர் பின்னர் சென்னைக் கலைப் பள்ளியில் படமெடுத்தார். 1850-இல் மருத்துவர் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய பள்ளி அது. பெரியமேட்டில் இன்று அரசு கவின்கலைக் கல்லூரியாக இருப்பது அதுவே. மருந்து கலக்கி, காகிதம் மெழுகி, வெயிலில் முக்காலி தூக்கி நின்று கற்ற ஐயாசாமியை நினைத்தால் எனக்கு நெருக்கமாக இருக்கிறது. தாத்தாவும் அப்படித்தான். பத்தாம் வகுப்பில் தவறி, கும்பகோணத்தில் ஒரு ஸ்டூடியோவில் தட்டு கழுவச் சேர்ந்தவர். மூன்று வருடம் கழித்துத்தான் முதலாளி கேமராவைத் தொடவிட்டாராம்.

"கேமராவ யாரு வேணா அழுத்தலாம். டச்சிங்தான் தொழிலு" என்பார். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் ஆனது. நெகட்டிவில் எல்லாம் தலைகீழ்: அங்கே கறுப்பு, பிரிண்டில் வெளுப்பு. கண்ணுக்குக் கீழே உள்ள குழி நெகட்டிவில் வெளிறித் தெரியும். சாய்மேசையில் நெகட்டிவை வைத்து, பின்னாலிருந்து வெளிச்சம் விட்டு, ஊசிபோலச் சீவிய பென்சிலால் அந்த வெளிறலைப் புள்ளி புள்ளியாக அடைத்தால் பிரிண்டில் குழி தூர்ந்துவிடும். அம்மை வடு போகும். மாநிறம் சிவப்பாகும். எத்தனை கல்யாணங்கள் அந்தப் பென்சில் முனையில் நின்றிருக்கின்றன! அம்மாவின் நெகட்டிவைத் தேடி எடுத்துக் காட்டினார். சாய்த்துப் பார்த்தால் கன்னம் முழுக்கக் காரீயம் மினுங்கியது. "ஒங்க பாட்டி சொன்னாங்க, கொஞ்சம் கலரா இருக்கட்டும்னு." அம்மாவிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை.

டிரைப்பும் இதே வேலை பார்த்தவர்தான். அந்தக் கால மருந்து நீலத்துக்கு மட்டும் துள்ளும். வானம் பிரிண்டில் வெறும் வெள்ளையாக விழும். அவர் நெகட்டிவில் வண்ணம் தொட்டு மேகங்களைத் தீட்டினார். மதுரையின் மேகத்திலும் அம்மாவின் கன்னத்திலும் வேலை செய்தது ஒரே சூத்திரம்.

ஸ்டூடியோப் பரணில் ஒரு பழைய காகிதப் பெட்டி கிடைத்தது. மேலே 'இந்து' என்று பெயர். உதகமண்டலத்து இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரிப்பு. 1960-இல் நிறுவி, 1967-இல் உற்பத்தி தொடங்கிய அரசு நிறுவனம் அது. கறுப்பு வெள்ளை பிலிம், பிரிண்ட் காகிதம், மருத்துவமனைகளுக்கு எக்ஸ்ரே பிலிம் எல்லாம் அங்கிருந்து வந்தன. தொழிற்சாலை ஊட்டியில் இருப்பதற்குக் காரணம் கேட்டேன். தாத்தா பானையைக் காட்டினார். குளிர்ச்சி, தூசியில்லாத காற்று. நாங்கள் பானையில் செய்வதை நாடு ஒரு மலையின்மேல் போய்ச் செய்திருக்கிறது. 1990களில் இறக்குமதி வரி குறைந்தது. பாலியெஸ்டர் எக்ஸ்ரே பிலிம் திட்டத்துக்கு வாங்கிய கடன் வட்டியோடு ஏறியது. நிறுவனம் நலிந்து, பிறகு மூடியே போனது. அந்தப் பெட்டியிலிருந்து ஒரு தாளைச் சிவப்பு விளக்கில் எடுத்து பிரிண்ட் போட்டுப் பார்த்தோம். பிரிண்ட் காகிதத்துக்குச் சிவப்பு தெரியாது, அதனால் அந்த விளக்கு ஆகும். பிலிமுக்கு எல்லா நிறமும் தெரியும், அதைக் கும்மிருட்டில்தான் சுற்ற வேண்டும். நாள்பட்ட தாள். உருவம் வந்தது, சாம்பல் மூட்டத்துக்குப் பின்னால்.

ஒரு காலத்தில் ஸ்டூடியோக்களுக்கு ஹைப்போகூடக் காசு. கழுவி முடித்த ஹைப்போவில் வெள்ளி கரைந்திருக்கும். அதை வாங்கிப் போக ஆள் வருவார். கலர் வந்ததும் கழுவுவது பெரிய லேப்களுக்குப் போனது. வெள்ளிக்காரர் வருவது குறைந்தது. டிஜிட்டல் வந்த பிறகு நின்றேபோனது. "வெள்ளிக்காரன் வரலன்னதும்தான் எனக்குத் தெரிஞ்சுது, கதை முடிஞ்சுதுன்னு" என்றார் தாத்தா.

விடுமுறையின் கடைசி வாரம், சித்தப்பாவின் ரஷ்யக் கேமரா ஜெனித்தைத் தூக்கிக்கொண்டு பெரிய கோயிலுக்குப் போனேன். விமானத்தின் அடித்தளத்தை ஒட்டி ஒரே தூரத்தில் நடந்து, டிரைப்பைப் போல 21 படம். அரை மணியில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். இரண்டு மணி நேரம் ஆனது. முதல் படத்தில் எழுத்துப் பள்ளங்களில் விழுந்த நிழல், பன்னிரண்டாம் படத்துக்கு வரும்போது செத்துவிட்டது. கல் வழவழவென்று நின்றது. சாய்ந்த வெயில் இருந்தால்தான் கல்வெட்டுக்கு உயிர். கால் சுட்டது, கணக்குத் தப்பியது.

அன்று இரவு பத்து மணிக்குமேல், தொட்டி ஆறிய பிறகு கழுவினோம். அலசும் தண்ணீரையும் பானையிலிருந்தே எடுத்தேன். விரலால் வழிக்கவில்லை. மறுநாள் காலை தாத்தா பிலிமை ஜன்னலில் பிடித்து, ஓரத்து எண்களைப் பார்த்தபடியே போனார்.

"பதினாலுக்கும் பதினஞ்சுக்கும் நடுவுல ராஜராஜன் கொடுத்தது எதோ ஒண்ணு விட்டுப் போச்சு பாப்பா. யாருக்குக் கொடுத்தானோ, பாவம்."

இருபத்தொன்றுக்குப் பிறகு மீதியிருந்த பதினைந்தும் அவரைத்தான் எடுத்திருந்தேன்: பானைக்குள் கை விடுகிறார், பாட்டிலை உலுக்குகிறார், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி என்னை முறைக்கிறார். அந்தக் கடைசிப் படத்தில் நெடுநேரம் நின்றார். கை தானாகச் சட்டைப் பைக்குப் போய்ப் பென்சிலை எடுத்தது. சாய்மேசையில் வைத்துக் குனிந்து பார்த்தார். அவர் காலத்து நெகட்டிவ் உள்ளங்கை அகலம். என்னுடையது தீப்பெட்டியைவிடச் சின்னது, அதில் முகம் மிளகளவு.

"முப்பத்தஞ்சு எம்எம்ல டச்சிங் ஓடாது. சுருக்கம் சுருக்கமாவே வரட்டும், போ" என்று பென்சிலை மறுபடி பைக்குள் செருகிக்கொண்டார்.