கீழப்பழுவூருக்குக் கேட்ட கொழும்பு

தமிழகம் ‘சிலோன் ரேடியோ’ என்று அறிந்த நிலையம், பிரிட்டிஷ் படைவீரர்களுக்காக ஆங்கிலம் பேசிய ஒரு நிலையத்தின் வாரிசு. கொழும்பில் ஒலிபரப்பு அதற்கும் பழையது. தந்தித் துறைப் பொறியாளர் எட்வர்ட் ஹார்ப்பரின் முயற்சியால் 1925 டிசம்பரிலேயே தொடங்கிவிட்டது. ஆனால் கடல் தாண்டிக் கேட்கும் வலுவைக் கொடுத்தது இரண்டாம் உலகப்போர்தான். மவுண்ட்பேட்டன் தலைமையிலான தென்கிழக்காசியக் கூட்டுப்படைத் தலைமையகம் (சியாக்) 1944இல் கண்டிக்கு மாறியது. பல நாடுகளில் சிதறிக் கிடந்த வீரர்களுக்குச் செய்தியும் இசையும் அனுப்ப ‘ரேடியோ சியாக்’ பிறந்தது. கொழும்புக்கு வடக்கே ஏக்கலையில் 100 கிலோவாட் சிற்றலை ஒலிபரப்பி நிறுவப்பட்டது. ஒரு சிறு தீவின் தேவைக்கு அது எந்தக் கணக்கிலும் அதிகம்.

போர் முடிந்து படைகள் கலைந்தன. 1949இல் நிலையம் இலங்கை அரசின் கைக்கு வந்தது. விடுதலை பெற்று ஓராண்டே ஆகியிருந்த அரசுக்கு அது வாசலில் வந்து நின்ற யானை. தீனிக்கு வழி தேட வேண்டியிருந்தது. விளம்பரம் அந்த வழியானது. 1950 செப்டம்பர் 30இல் வர்த்தக சேவை தொடங்கியது. ஆஸ்திரேலியரான கிளிஃபர்ட் டாட் அதை நடத்தினார். சோப்பும் பற்பசையும் விற்கிறவர்களுக்கு இலங்கைச் சந்தை போதாது, இந்தியச் சந்தை வேண்டும். அதனால் உள்நாட்டுக்கான சிங்களம், தமிழ், ஆங்கிலத்தோடு, கடலுக்கு அப்பால் இருப்பவர்களுக்காகவும் இந்தியும் தமிழும் அலைவரிசையில் இடம்பிடித்தன. இந்த மொழி மாற்றத்துக்குப் பண்பாட்டுக் கொள்கை எதையும் காரணமாகத் தேடிப் பயனில்லை; கல்லாப்பெட்டி சொன்னதை நிலையம் கேட்டது.

இந்தியாவும் தன் பங்குக்கு உதவியது. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் திரைப்பாடலை மலிவான சரக்கென்று கருதினார். படத்தின் பெயரை அறிவிப்பது விளம்பரமாகும் என்று அகில இந்திய வானொலி அதை நிறுத்த, தயாரிப்பாளர்கள் பாடல்களை ஒலிபரப்பும் உரிமையைத் திரும்பப் பெற்றனர். திரைப்பாட்டு இந்திய வானொலியில் அருகிப்போயிற்று. அதே ஆண்டில் கொழும்பில் அமீன் சயானியின் ‘பினாகா கீத்மாலா’ தொடங்கியது. பம்பாயில் பதிவான ஒலிநாடாக்கள் கொழும்பு சென்று, அங்கிருந்து அலையாக இந்தியாவுக்கே திரும்பின.

அன்று திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக்குள் இருந்த கீழப்பழுவூர் வட்டாரத்துக்கு அண்டை நிலையம் திருச்சி. 1939 மே 16இல் தொடங்கிய அது, பிரிவினைக்குப் பின் இந்தியாவுக்குக் கிடைத்த ஆறு நிலையங்களில் ஒன்று. கர்நாடக இசை, நாடகம், உழவர் நிகழ்ச்சி என அதன் பணி கனமானது. அறுபதுகளில் ஆடுதுறை 27 நெல்லை அது பரப்பிய விதத்தில் கொள்ளிடத்துக்குத் தெற்கே விவசாயிகள் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயரிட்டார்கள். விதையை இவ்வளவு திறமையாக விற்ற நிலையம் பாட்டு விஷயத்தில் மட்டும் நேயரைக் கொழும்புக்கு அனுப்பி வைத்தது.

அந்நாளில் வானொலிப் பெட்டி வைத்திருக்க அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் கட்டணம் கட்டி உரிமம் பெற வேண்டும். பெட்டி இல்லாதவருக்குப் பஞ்சாயத்து வானொலியின் ஒலிபெருக்கி இருந்தது. திருச்சியின் மத்திய அலை பகலில் சீராகக் கேட்கும். கொழும்பின் சிற்றலைக்கு முள்ளை மயிரிழை அளவில் நகர்த்தித் தேட வேண்டும். பாட்டு அலைபோல ஏறி இறங்கும். கரகரப்புக்கு நடுவே ஒரு சரணம் காணாமற்போய்த் திரும்பி வரும். அப்படியும் கேட்டார்கள். எஸ்.பி. மயில்வாகனனும், பின்னாளில் கே.எஸ். ராஜாவும் பி.எச். அப்துல் ஹமீதும் தமிழகத்தில் நடிகர்களைப் போல அறியப்பட்டார்கள். ‘பொங்கும் பூம்புனல்’ பல வீடுகளில் காலையின் ஒரு பகுதியாயிற்று.

நேயர் எங்கே, எந்த மொழியில் இருக்கிறார் என்பதைப் பார்த்து நிலையம் மொழி மாறுவது வேறிடங்களிலும் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் சான் அன்டோனியோவில் ரவுல் கோர்ட்டெஸ் 1946இல் தொடங்கிய கே.சி.ஓ.ஆர். முழுக்க ஸ்பானிய மொழிக்கே ஆனது. பின்னர் அந்நாட்டில் எத்தனையோ ஆங்கில நிலையங்கள் கைமாறியபோது ஸ்பானியத்துக்கு மாறின. அங்கே நேயர் அதே ஊரில் இருந்தார். கொழும்பின் நேயரோ வேறொரு நாட்டின் குடிமகன்.

டெல்லி விழித்துக்கொண்டது 1957 அக்டோபர் 3இல். திரையிசைக்கு இடம் தரும் விவித்பாரதி அன்று பிறந்தது. பத்தாண்டு கழித்து, 1967இல், அதுவும் விளம்பரம் வாங்கத் தொடங்கியதும் இந்திய நிறுவனங்கள் கொழும்பை நாட வேண்டிய கட்டாயம் தளர்ந்தது. அதே 1967இல் கொழும்பு நிலையம் அரசுத் துறையாக இருந்த நிலை மாறிக் கூட்டுத்தாபனமாயிற்று. 1972இல் நாடு குடியரசானபோது அதன் பெயர் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஆனது. தமிழக நேயர்கள் எழுபதுகளிலும் அதை விடவில்லை. கேசட்டும் தொலைக்காட்சியும் சிற்றூர்வரை வந்த எண்பதுகளில்தான், இலங்கையில் போரும் தொடங்கிவிட்ட நிலையில், அந்தக் கூட்டம் கரைந்தது.