வீரரின் உணவும் எலும்பின் உறுதியும்

கோயம்புத்தூரை விட்டு மேற்கே செல்லும் புகைவண்டி வாளையாற்றைக் கடந்ததும், மலைத்தொடர் இருபுறமும் விலகி நிற்க, நடுவே பாலக்காட்டுக் கணவாய் விரிகின்றது. தெற்கே தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலை ஆகிய வட்டங்களிலோ மலையே வாழ்விடம். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது இப்பகுதிகள் கேரளத்தில் அடங்கின. சித்தூரிலும் கொழிஞ்சாம்பாறையிலும் மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களிலும் வாழ்ந்த தமிழர், இருந்த இடத்தை விட்டுப் பெயராமலே தமிழ் மாநிலத்திற்கு வெளியே வாழ்பவராயினர். நேயர்களாகிய உங்களுள் பலருடைய நிலையும் இதனை ஒத்ததே.

இம்மலைநாடு ஓட்டக்காரரை ஈன்ற நாடு. இடுக்கி மாவட்டத்திற் பிறந்த பீனாமோள் 2002ஆம் ஆண்டு பூசான் ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்திற் பொன்வென்றார். அதே மாவட்டத்துப் பிரீஜா ஸ்ரீதரன் 2010இல் குவாங்சோவில் 10,000 மீட்டர் ஓட்டத்திற் பொன்வென்றார். பாலக்காட்டு முண்டூரைச் சேர்ந்த சித்ரா 2017இலும் 2019இலும் ஆசியத் தடகளப் போட்டியில் 1,500 மீட்டர் ஓட்டத்தில் முதலிடம் பெற்றார். இவர்தம் புகழை யாவரும் அறிவர். ஆயின், கால் ஒன்றை இழந்தும், தண்டுவடம் சேதமுற்றுச் சக்கர நாற்காலியில் அமர்ந்தும் விளையாட்டில் இறங்குவோர்க்கு எத்துணை உணவு வேண்டும், அவர்தம் எலும்பு எவ்வாறு காக்கப்படும் என்ற வினாக்களை உலகம் எழுப்பியது மிக அண்மையிலேதான். அவ்வரலாற்றைச் சுருங்கக் கூறுவதே இவ்வுரையின் நோக்கம்.

உணவை அளந்தறியும் கலை நம் நாட்டில் வளர்ந்த இடம் பாலக்காட்டுக்கு வடக்கே, நீலகிரியில் உள்ள குன்னூர். 1918ஆம் ஆண்டு ராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர் அங்கே பெரிபெரி நோயைப் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். இந்தியாவின் பல பகுதி மக்களும் உண்ணும் உணவை அவர் எலிகளுக்குத் தனித்தனியே ஊட்டிப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி ஆகியவை சேர்ந்த பஞ்சாபியர் உணவை உண்டவை செழித்தன. சென்னை மாகாணத்து அரிசியுணவை உண்டவை பின்தங்கின. அவருடைய ஆய்வுக்கூடம் 1928இல் உணவு ஆராய்ச்சி நிலையமாக வளர்ந்து, 1958இல் ஐதராபாத்திற்குப் பெயர்ந்தது. இன்று வேற்று மாநிலங்களில் கோதுமையையும் அரிசியையும் அடுத்தடுத்து உண்டு வாழும் நம்மவர் மெக்காரிசனின் எலிகளை எண்ணிச் சிரிக்கலாம், சிந்திக்கவும் செய்யலாம்.

மாற்றுத்திறனாளர் விளையாட்டின் வரலாறு வேறோரிடத்தில் தோன்றிற்று. ஜெர்மனியிலிருந்து தப்பி 1939இல் இங்கிலாந்து சேர்ந்த லுட்விக் குட்மன் என்னும் மருத்துவர், ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடம் சேதமுற்ற போர்வீரர்க்குச் சிகிச்சை அளித்து வந்தார். படுக்கையிற் கிடந்து மாள்வதே அந்நாளில் அத்தகையோர் விதியெனக் கருதப்பட்டது. அவரோ அவர்கள் கையில் வில்லைக் கொடுத்தார். 1948ஆம் ஆண்டு சூலை 29ஆம் நாள், லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அன்றே, பதினாறு பேர் அம்மருத்துவமனைப் புல்வெளியில் அம்பெய்து போட்டியிட்டனர். 1960இல் ரோம் நகரில் அது உலகப் போட்டியாக விரிந்தது.

நம் நாட்டில் இதற்கிணையான தொண்டு செய்தவர் கேரளத்துச் செறாயில் 1925இற் பிறந்த மருத்துவர் மேரி வர்கீஸ். வேலூரிற் பணிபுரிந்துவந்த அவர், 1954இல் நிகழ்ந்த மோட்டார் விபத்தில் இடுப்பின்கீழ் உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளர் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் அயல்நாடு சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1965ஆம் ஆண்டுப் போரில் குண்டடிபட்ட முரளிகாந்த் பேட்கர் 1972இல் ஹைடல்பர்க் நகரில் நீச்சலிற் பொன்வென்றதும், சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு 2016இல் ரியோ நகரில் 1.89 மீட்டர் உயரம் தாண்டிப் பொன்வென்றதும், 2024இல் பாரிஸ் நகரில் துளசிமதி முருகேசனும் மனிஷா ராமதாசும் பூப்பந்தாட்டத்தில் முறையே வெள்ளியும் வெண்கலமும் பெற்றதும் இந்நெடிய வழியின் மைல்கற்கள்.

இனி எலும்பைப் பற்றிக் கூறுவோம். சுமை ஏறும் திசைக்கு ஏற்ப எலும்பு தன்னைத் திருத்திக்கொள்கின்றது என்று 1892ஆம் ஆண்டிலேயே ஜூலியஸ் வோல்ஃப் என்னும் ஜெர்மானிய மருத்துவர் நிறுவினார். சுமை நீங்கின் எலும்பும் நலியும். ஓடுவோர் எலும்பு உறுதியாகத்தான் இருக்கும் என்று உலகம் எண்ணியிருந்தது. அவ்வெண்ணத்தை 1984இல் பார்பரா டிரிங்க்வாட்டர் என்னும் ஆராய்ச்சியாளர் அசைத்தார். மாதவிடாய் நின்றுபோன விளையாட்டு வீராங்கனைகளின் முதுகெலும்பு, மற்ற வீராங்கனைகளின் முதுகெலும்பைக் காட்டிலும் அடர்த்தி குறைந்திருந்ததை அவர் கண்டார். உணவுக் குறைவு, மாதவிடாய்க் கோளாறு, எலும்பு நலிவு ஆகிய மூன்றும் ஒரே கொடியிற் காய்த்தவை என்பது 1990களில் தெளிவாயிற்று.

இதன் உட்பொருள் ஓர் எளிய வரவு செலவுக் கணக்கே. உண்ட உணவின் ஆற்றலிலிருந்து பயிற்சிக்குச் செலவானதைக் கழித்தால், எஞ்சுவதே உடலின் அன்றாடக் காரியங்களுக்கு உரியது. கொழுப்பு நீங்கிய உடலெடை 40 கிலோ உள்ள ஒரு பெண் நாளொன்றுக்கு 1,600 கலோரி உண்டு, 500 கலோரியைப் பயிற்சியிற் செலவிடுவாளாயின், எஞ்சுவது 1,100. கிலோ ஒன்றுக்கு 27 கலோரி சொச்சம். இது 30க்குக் கீழே இறங்கும்போது கருப்பையை ஆளும் உட்சுரப்புகளின் தாளம் குலைவதை ஆன் லௌக்ஸ் என்பவரின் ஆய்வுகள் காட்டின. வருவாய் குறைந்த குடும்பத் தலைவன் முதலில் பண்டிகைச் செலவை நிறுத்துவதுபோல, உடலும் மகப்பேற்றுக்குரிய செலவை நிறுத்துகின்றது. அடுத்து எலும்பைப் புதுப்பிக்கும் செலவைக் குறைக்கின்றது. ஆடவரிடத்தும் ஆண்மைச் சுரப்பு தாழ்கின்றது.

2014ஆம் ஆண்டு அனைத்துலக ஒலிம்பிக் குழு இந்நிலைக்கு ஒரு புதுப்பெயர் சூட்டி, ஆடவரையும் மாற்றுத்திறனாளரையும் அதனுள் சேர்த்தது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம் அப்பெயரைத் தமிழாக்கத் தயங்கினோம். 'பற்றாக்குறை' என்றால் பட்டினியே நினைவிற்கு வரும். இங்கோ வயிறார உண்பவரும் அகப்படுகின்றனர். ஆதலின் 'ஒப்பு ஆற்றற்குறை' என்றோம். செலவோடு ஒப்பிட வரவு குறைவு என்பதே பொருள்.

மாற்றுத்திறனாளர்க்கு இக்கணக்கு எளிதில் அமைவதில்லை. தண்டுவடம் சேதமுற்றவர்க்குத் தசை குறைவதால் அன்றாடத் தேவை குறைகின்றது. செயற்கைக் காலுடன் நடப்பவர்க்கோ ஒவ்வோர் அடிக்கும் செலவு மிகுகின்றது. மூளைவாதமுடையோர் சிலர்க்குத் தாமாக எழும் அசைவுகளே ஆற்றலை உண்டுவிடுகின்றன. எனவே மற்றவரிடம் கண்ட 30 என்னும் எல்லையை இவர்க்கு அப்படியே பொருத்துதல் தகாது. தண்டுவடச் சேதத்திற்குப் பின் சில மாதம் மாதவிடாய் நின்று மீளுவதும் உண்டாதலின், அவ்வடையாளமும் சிலவேளை மயக்கம் தரும். செயலிழந்த கால்களின் எலும்போ முதல் ஓரிரு ஆண்டுகளிலேயே விரைந்து நலிகின்றது. நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாறுகையில் நேரும் சிறு வீழ்ச்சியும் எலும்பை முறிக்கலாம். உணர்வில்லாமையால் முறிந்ததும் தெரியாமற் போகலாம்.

இங்கேதான் இல்லத்தாரின் கடமை வருகின்றது. 'உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு இத்தனை சோறு எதற்கு?' என்று கேட்போர் நம்மிடையே உண்டு. அப்பிள்ளை நாள்தோறும் இரண்டு மணி நேரம் நாற்காலியை உந்திப் பயில்கின்றான் என்பதை அவர் மறந்துவிடுகின்றனர். மாதவிடாய் நின்றது பயிற்சிக்கு வசதி என்று மகிழும் பெண்ணும், மெலிவே வேகம் என்று நம்பும் பயிற்சியாளரும் உண்டு. மூன்று மாதம் நின்றால் மருத்துவரை நாடுதல் வேண்டும். அடிக்கடி எலும்பில் விரிசல் கண்டாலும் அவ்வாறே.

மருந்து பெரும்பாலும் அடுக்களையிலேயே உள்ளது. அட்டப்பாடி மலைவாழ் மக்கள் வழிவழியாக உண்டுவந்த கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. அரிசியில் அது மிகச் சொற்பம். ஆயினும் அம்மலையிலேயே 2013இல் ஊட்டக்குறைவால் குழந்தைகள் மாண்ட செய்தி நாட்டையே உலுக்கிற்று. உண்ணும் வழக்கம் கைவிட்டுப் போனால் பாரம்பரியம் மட்டும் யாரையும் காவாது என்பதற்கு அது சான்று.

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பர் நம் முன்னோர். பதக்கம் சித்திரம், எலும்பு சுவர். எந்த மாநிலத்தில் வாழினும், விளையாடும் பிள்ளையின் இலையில் இன்னுமோர் அகப்பை இடுவோமாக.