சோங்யுவே தூபியின் வயது

சீனத்தின் ஹெனான் மாகாணத்தில், தெங்ஃபெங் நகருக்கு வெளியே, சோங் மலைச்சாரலில் நிற்கிறது சோங்யுவே மடத்தின் செங்கல் தூபி. உயரம் ஏறத்தாழ 37 மீட்டர். பன்னிரண்டு பட்டை, நெருக்கி அடுக்கிய பதினைந்து தாழ்வாரங்கள், மேலே போகப் போகக் குறுகி மெல்ல வளைகின்றன. செங்கற்களைப் பிணைத்திருப்பது மஞ்சள் களிமண் சாந்து. சீனத்தில் இன்றும் நிற்கும் செங்கல் தூபிகளில் இதுவே மிகப் பழையது என்பார்கள். ஆண்டு மட்டும் சில நூல்களில் 520, சிலவற்றில் 523. இந்த மூன்றாண்டு வேறுபாட்டைத் துருவப் போனவனை இருநூறு ஆண்டு வேறுபாடு பற்றிய ஒரு வழக்கு பிடித்துக்கொண்டது.

முதல் சான்று, தாங் பேரரசின் அதிகாரியும் எழுத்துக்கலை வல்லவருமான லீ யோங் (678–747) இந்த மடத்துக்காக இயற்றிய கல்வெட்டு. அதன் வாசகம் பழைய தொகைநூல்களில் படியெடுக்கப்பட்டுக் கிடைக்கிறது. தாங் காலத்துக்கு முந்தைய வட வெய் மரபின் அரசரது மாளிகை ஒன்று ‘ஜெங்குவாங்’ முதலாண்டில் மடமானது என்கிறது அது. ஜெங்குவாங் என்பது அரசர் தம் ஆட்சியின் ஒரு பகுதிக்கு இட்ட பெயர். அதன் முதலாண்டு 520. ஆனால் அது மடத்தின் ஆண்டு. தூபியை வெய் அரசு எழுப்பியது என்பதோடு லீ யோங் நிறுத்திக்கொள்கிறார்.

1980களின் இறுதியில் தூபியின் அடியிலுள்ள ‘திகோங்’ ஆராயப்பட்டது. புனிதப் பொருள்களை வைத்து மூடும் நிலவறைக்கு அப்படிப் பெயர். உள்ளே ஜெங்குவாங் நான்காம் ஆண்டு, அதாவது 523, பொறித்த புத்தர் சிலை இருந்தது. வழக்கு முடிந்தது என்று தோன்றும். ஆனால் சிலையை வேறிடத்திலிருந்தும் கொண்டுவந்து வைக்கலாம். அதே நிலவறையில் தாங் காலத்து மை எழுத்தும் இருக்கிறது, ஆண்டு 733. கட்டடக்கலை வரலாற்றாசிரியர் சாவ் ஷுன் 1996இல், தூபியே தாங் காலத்தது என்று வாதிட்டார்.

செங்கற்கள் என்ன சொல்கின்றன? சூளையில் வெந்த மண்ணை மறுபடி சூடாக்கி, அது உமிழும் ஒளியை அளந்து வயது காண்பது வெப்ப ஒளிர்வு முறை. இங்கே கிடைத்த சராசரி 1,580 ஆண்டு, பிழை எல்லை 160. மிகப் பிந்தைய விளிம்பை எடுத்தாலும் தாங் ஆட்சி தொடங்கிய 618க்கு முன்னரே நின்றுவிடுகிறது. இதையும் கண்ணை மூடி ஏற்க முடியாது. பழைய மாளிகையை இடித்த செங்கல்லைக் கொண்டு பின்னாளில் கட்டியிருக்கலாமே?

வடிவம் கைகொடுக்கவில்லை. தாங் தூபிகள் பெரும்பாலும் சதுரம். பன்னிரு பட்டைக்கோ சீனத்தில் வேறு துணையே இல்லை.

அதனால் லீ யோங்கிடமே திரும்பினேன். 733இல் அவருக்கு வயது ஐம்பத்தைந்து. தம் காலத்தில், அதுவும் அந்த வயதில், புதிதாக எழும்பிய தூபியை, அங்கேயே வாழும் துறவிகள் படிக்கப்போகும் கல்லில், முந்தைய அரசின் பணி என்று அவர் எழுதியிருப்பாரா? நான் நம்பவில்லை. சிலையும் செங்கல்லும் தனித்தனியே தளர்ந்த சான்றுகள்தாம். லீ யோங்கின் சொல்லோடு சேரும்போது மூன்றும் வட வெய்யையே காட்டுகின்றன.

என் முடிவு இது: 520 மடத்துக்கு உரியது, தூபி 523ஐ ஒட்டி எழுந்தது, 733 அதைப் புதுப்பித்த ஆண்டு.